கண்புரை ஆபரேஷன்: ஒரே கண்ணுக்கு மூன்று விலை ஏன்? எதைக் கேட்டுக்கொண்டு பணம் கட்ட வேண்டும்?

ஓலைச்சுவடி

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை 12 வருடமாக உண்டு. இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம். மூன்று தனியார் ஆஸ்பத்திரிகளில் விசாரித்ததில் ஒரு கண்ணுக்கு 22,000, 45,000, 95,000 என்று மூன்று தொகை வந்தது. மூன்று இடத்திலும் "தையல் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் மிச்சக் காசு எதற்கு? சொந்தத்தில் பெரியவர்கள் "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்கிறார்கள். அதுவும் சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விழியோன் | கண் மருத்துவர்

"முத்தட்டும்" என்பது பழைய அறுவை முறைக்குச் சொன்ன யோசனை. அந்தக் காலத்தில் பெரிய வெட்டுப் போட்டுப் புரையை அப்படியே வெளியே எடுத்தார்கள், தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். இப்போது செய்வது பேக்கோ. 2.2 முதல் 2.8 மி.மீ. வரை ஒரு துளை, அதன் வழியே அல்ட்ராசவுண்ட் முனையை விட்டு, புரையைப் பொடித்து உறிஞ்சி எடுக்கிறோம். புரை எவ்வளவு இறுகியிருக்கிறதோ அவ்வளவு அதிர்வு கொடுக்க வேண்டும். அந்த அதிர்வின் அடி கருவிழியின் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தின்) உள்பக்கச் செல்களில் விழும். அவை அழிந்தால் மறுபடி வளராது. மிகவும் இறுகிய புரையை எடுத்த பிறகு கருவிழி வீங்கிப் பல வாரம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். வெள்ளையாகப் பழுக்கும்வரை விட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு: புரை ஊதியோ, உருகிக் கசிந்தோ கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும். அப்புறம் வலியோடு, வாந்தியோடு அவசர ஆபரேஷனுக்கு வர வேண்டியிருக்கும்.

எப்போது செய்யலாம்? அன்றாட வேலை தடைப்படும்போது. அரிசியில் கல் தெரியவில்லை, பஸ் நம்பர் கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது, எதிர்வண்டி வெளிச்சத்தில் கண் கூசுகிறது, கடைசிப் படி எது என்று தடுமாற்றம் வருகிறது என்றால் நேரம் வந்துவிட்டது. இவை எதுவும் இல்லாத ஆரம்பப் புரைக்கு "இந்த வாரமே செய்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்தினால், இன்னொரு இடத்திலும் காட்டுங்கள். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று எதுவும் கிடையாது. அந்தப் பெயரில் விற்பதை வாங்க வேண்டாம்.

விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு, புரையை எடுத்த இடத்தில் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸுக்குப் போகிறது. அறை, மருத்துவர் கட்டணம், மெஷின் ஆகியவையும் கொஞ்சம் மாறும். லென்ஸ் பற்றி நம் பவர்_செக் விவரமாக எழுதுவார் என்று நினைக்கிறேன்.

பவர்_செக் | ஆப்டோமெட்ரிஸ்ட்

எழுதுகிறேன். ஆனால் லென்ஸுக்கு முன்னால் அளவு எடுப்பது பற்றிச் சொல்லியாக வேண்டும். பணம் கட்டுகிறவர்கள் லென்ஸ் கம்பெனி பெயரை நாலு தடவை கேட்கிறார்கள். அளவை எப்படி எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை எப்படி அமையும் என்பதை இந்தப் பத்து நிமிட வேலை பாதி தீர்மானித்துவிடுகிறது.

கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு இரண்டையும் அளந்து, ஃபார்முலாவில் போட்டுத்தான் லென்ஸ் பவரை முடிவு செய்கிறோம். பெரியவர்களுக்குக் கண்ணின் நீளம் சராசரியாக 23.5 மி.மீ. இதில் 1 மி.மீ. தப்பினால் பார்வையில் சுமார் 2.5 டயாப்டர் (கண்ணாடி பவரின் அளவு) பிசகும். பழைய ஏ-ஸ்கேன் முறையில் கருவிழி மேல் முனையை வைத்து அளப்பார்கள். கை கொஞ்சம் அழுந்தினால் கண் நீளம் குறைவாகக் காட்டும். அந்தக் கணக்கில் லென்ஸ் பவர் கூடிப்போய், கடைசியில் தூரப் பார்வைக்கு மைனஸ் கண்ணாடி போட வேண்டி வரும். ஒளியால் அளக்கும் மெஷின் கண்ணைத் தொடுவதே இல்லை, பிசகு மிகக் குறைவு. ஆனால் புரை ரொம்ப முற்றியிருந்தால் ஒளி உள்ளே போகாது. அப்போது மறுபடி ஏ-ஸ்கேன்தான். முத்தவிடக் கூடாது என்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மென்மையான வகையென்றால் ஒரு வாரம், கெட்டியான வகையென்றால் மூன்று வாரமாவது கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். கண் வறண்டிருந்தால் முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். முன்பு கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்தவர்கள் அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வாருங்கள். அது இல்லாமல் வழக்கமான ஃபார்முலாவைப் போட்டால் கணக்கு தப்பும்.

இனி லென்ஸ். மோனோஃபோகல் என்பது ஒரே தூரத்துக்கு. பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்போம், படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். டோரிக் என்பது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாமல் சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கு. அது உள்ளே சரியான கோணத்தில் உட்கார வேண்டும். 10 டிகிரி திரும்பினால் அதன் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மல்டிஃபோகல், ட்ரைஃபோகல் வகைகள் கண்ணாடி இல்லாமல் தூரமும் கிட்டமும் பார்க்கத் தயாரித்தவை. இவற்றுக்கு நடுவே இடாஃப் என்று ஒன்று உண்டு. தூரம், கம்ப்யூட்டர் தூரம் இரண்டும் தெரியும், பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் பேக்கேஜ் தோராயமாக இப்படி இருக்கும். உள்நாட்டில் தயாரித்த, மடித்து உள்ளே செலுத்தும் மோனோஃபோகல் 15,000 முதல் 30,000 வரை. இறக்குமதி மோனோஃபோகல் 30,000 முதல் 50,000 வரை. டோரிக் 50,000க்கு மேல். ட்ரைஃபோகல் 70,000இல் தொடங்கி லட்சத்தையும் தாண்டும். உங்கள் 22, 45, 95 இதில் எங்கே விழுகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். விலை கூடக்கூடப் பார்வை கூர்மையாகும் என்று அர்த்தம் இல்லை. சிலிண்டர் இல்லாத ஒருவருக்கு நல்ல உள்நாட்டு மோனோஃபோகலில் தூரம் தெளிவாகத் தெரியும். கூடுதல் பணத்தில் கிடைப்பது கண்ணாடியிலிருந்து விடுதலை மட்டும்தான்.

நடுநிசிப்பயணி

லாரி, டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு மல்டிஃபோகல் கூடாது என்கிறார்களே, உண்மையா?

பவர்_செக் | ஆப்டோமெட்ரிஸ்ட்

உண்மை. அந்த லென்ஸ் உள்ளே வரும் வெளிச்சத்தைப் பங்கு போட்டுத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் கொடுக்கிறது. அதனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். முன்பு தெரிந்த கறுப்பு வெள்ளை வேறுபாடும் கொஞ்சம் மட்டுப்படும். பலருக்குச் சில மாதத்தில் பழகிவிடும், சிலருக்குப் பழகாது. இரவு முழுக்க வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கதிரொளி | கண் மருத்துவர்

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. மல்டிஃபோகல் என்றாலே பணம் பிடுங்க என்று பேசும் வழக்கம் வந்துவிட்டது. விழித்திரை ஆரோக்கியமாக, கண் வறட்சி இல்லாமல், பகலில் மட்டும் வண்டி எடுக்கும் 58 வயது ஆசிரியைக்கு, கண்ணாடி வேண்டவே வேண்டாம் என்று அவரே விரும்பினால், அது நல்ல தேர்வு. யாருக்கு என்பதுதான் கேள்வி.

விழியோன் | கண் மருத்துவர்

அதை மறுக்கவில்லை, கதிரொளி. ஆனால் ஓலைச்சுவடியின் அம்மாவுக்குச் சர்க்கரை 12 வருடம். விழித்திரையில் நீர் கோத்திருக்கிறதா என்று ஓசிடி ஸ்கேனில் பார்க்காமல் 95,000 ரூபாய் லென்ஸைப் பேசவே கூடாது. இன்று விழித்திரை நன்றாக இருந்தாலும் நாளை சர்க்கரையால் பாதிக்கலாம். பாதித்த விழித்திரைக்கு வெளிச்சத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தால் உள்ளதும் மங்கும். கிளாக்கோமா (கண்ணழுத்த நோய்) இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

கதிரொளி | கண் மருத்துவர்

அம்மா விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். மோனோஃபோகல்தான். ஒரு சின்ன யோசனை: பூக்கட்டுவது, தைப்பது, படிப்பது என்று கிட்டப் பார்வையில்தான் அவர் நாள் கழிகிறது என்றால், மோனோஃபோகலையே கிட்டத்துக்கு வைக்கச் சொல்லலாம், அதாவது மைனஸ் 2 அல்லது 2.5க்கு. பிறகு தூரத்துக்குத்தான் கண்ணாடி. இதை அளவு எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். கூடுதல் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

தியேட்டர்_சிஸ்டர்

ஆபரேஷன் அன்னிக்கு என்ன நடக்கும்னு நான் சொல்றேன். பயமே அங்கதான் வருது.

முந்தின டெஸ்ட்ல சர்க்கரை, பிபி, ஈசிஜி பாப்பாங்க. கண்ணீர்ப் பாதையில மொட்டை ஊசியால தண்ணி விட்டுப் பாப்பாங்க. தண்ணி தொண்டைக்கு இறங்குச்சுன்னா பாதை சுத்தம். இறங்காம சீழோட திரும்பி வந்துச்சுன்னா கண்ணீர்ப்பையில கிருமி இருக்குன்னு அர்த்தம். அதைச் சரி பண்ணாம புரை எடுக்கவே கூடாது. இந்த டெஸ்ட் எதுக்குன்னு கோவிச்சுக்கறவங்க உண்டு. ரெண்டு நிமிஷ வேலை, கண்ணையே காப்பாத்துது.

காலையில தலைக்குக் குளிச்சுட்டு வாங்க, அடுத்த பத்து நாள் தலைக்கு ஊத்த முடியாது. மை, விபூதி, குங்குமம், பவுடர் எதுவும் முகத்துல வேண்டாம். சாப்பிடலாமான்னு ஆஸ்பத்திரியில கேட்டுக்குங்க. சொட்டு மருந்துல மரத்துப் பண்றதுன்னா பெரும்பாலும் லேசா சாப்பிடச் சொல்லுவாங்க. சர்க்கரைக்காரங்க வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டு வந்து மயங்கி விழுறது நடக்கக் கூடாது.

கண் பாப்பாவை (கருமணி நடுவுல இருக்கிற துளை) விரிக்கிற சொட்டு மருந்து ஒரு மணி நேரமா விட்டுக்கிட்டே இருப்போம். அப்புறம் 5 சதவீத பொவிடோன் அயோடின் கண்ணுக்குள்ளயே விட்டு மூணு நிமிஷம் வெப்போம். கொஞ்சம் எரியும், பொறுத்துக்கணும். கிருமியைத் தடுக்கறதுல இதுதான் முதல் காவல். உள்ள 10லிருந்து 20 நிமிஷம். பச்சைத் துணி மூடியிருக்கும், மூக்குப் பக்கம் ஆக்சிஜன் வரும், மேல வெளிச்சம் மட்டும் தெரியும். இருமல், தும்மல் வர்ற மாதிரி இருந்தா சத்தமா சொல்லுங்க, டாக்டர் கையை எடுத்துப்பார். சொல்லாம தலையை அசைச்சாதான் ஆபத்து.

விழியோன் | கண் மருத்துவர்

சிஸ்டர் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். புரை இருப்பது மெல்லிய பை ஒன்றுக்குள். அதன் முன்தோலில் 5 முதல் 5.5 மி.மீ. அளவுக்கு வட்டமாகத் திறந்து புரையை எடுத்துவிட்டு, அதே பைக்குள் லென்ஸை வைக்கிறோம். பின்தோலின் தடிமன் ஒரு மி.மீ.யில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அது கிழிவதுதான் ஆபரேஷனில் வரும் முக்கியமான சிக்கல், நூறில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கும். கிழிந்தால் பின்னால் இருக்கும் விட்ரியஸ் ஜெல் முன்னே வரும். அதை வெட்டிச் சுத்தம் செய்து, லென்ஸைப் பைக்கு முன்னால் வைக்க வேண்டியிருக்கும். துண்டு பின்னால் விழுந்தால் விழித்திரை மருத்துவர் எடுக்க வேண்டும். "அப்படி நடந்தால் இங்கேயே பார்ப்பீர்களா, செலவு யாருடையது?" என்று முன்கூட்டியே கேட்பதில் தவறே இல்லை. நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

ஆண்களுக்கு ஒரு எச்சரிக்கை. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள், எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியவர்கள்கூட, கட்டாயம் சொல்லுங்கள். பாப்பா சரியாக விரியாமல், கருமணித் திரை தொளதொளவென்று ஆடி, துளை வழியே வெளியே பிதுங்கும். முன்பே தெரிந்தால் தயாராக இருப்போம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கூத்தன்

லேசர் முறையில் செய்தால் கூடுதல் பாதுகாப்பு என்று 40,000 அதிகம் கேட்கிறார்கள்.

கதிரொளி | கண் மருத்துவர்

ஊரில் பேக்கோவையே "லேசர் ஆபரேஷன்" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. அது அல்ட்ராசவுண்ட். உண்மையான ஃபெம்டோ லேசர் வெட்டையும் பைத் திறப்பையும் மட்டும் செய்யும், அதற்குப் பிறகும் பேக்கோதான். பிரிட்டனிலும் பிரான்ஸிலும் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளின் முடிவு 2020இல் வந்தது. சாதாரணப் பேக்கோவைவிட லேசரில் பார்வை மேம்பட்டதாக இரண்டிலும் தெரியவில்லை. அந்த 40,000ஐ மிச்சம் பிடியுங்கள்.

கிளெய்ம்மேசை

இன்சூரன்ஸ் பற்றி. பெரும்பாலான பாலிசிகளில் கண்புரைக்குக் காத்திருப்புக் காலம் 24 மாதம். அதற்கு முன் கிளெய்ம் போட்டால் நிராகரிப்புதான். டே-கேர் வகையில் வருவதால் 24 மணி நேரம் படுக்க வேண்டியதில்லை. உச்சவரம்பைப் பாலிசியில் படியுங்கள். உதாரணமாக ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கு 25,000. 3 லட்சம் எடுத்தவருக்கு 75,000 கிடைக்காது, 40,000தான். அதிலும் 5 சதவீதம் நம் கைப்பணம்.

மல்டிஃபோகல், டோரிக் லென்ஸின் கூடுதல் விலையைப் பல கம்பெனிகள் கொடுப்பதில்லை, "கண்ணாடி பவரைச் சரி செய்வது" என்று தள்ளிவிடுவார்கள். அதனால் கேஷ்லெஸ் அனுமதிக் கடிதத்தில் என்ன தொகை என்று பார்த்த பிறகே லென்ஸை முடிவு செய்யுங்கள். டிஸ்சார்ஜ் அன்று கவுன்டரில் நின்று தெரிந்துகொள்வது தாமதம்.

காகிதத்தில் அதிகம் தவறவிடுவது லென்ஸ் ஸ்டிக்கர். லென்ஸ் டப்பாவுக்குள்ளேயே ஸ்டிக்கர்கள் வரும். கம்பெனி, மாடல், பவர், சீரியல் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லுங்கள். சம்மரியில் "21.0" என்று எழுதி ஸ்டிக்கரில் "21.5" என்று இருந்தால் அங்கேயே கேளுங்கள். எம்.ஆர்.பி. டப்பா மேல் அச்சிட்டிருக்கும், அதை போன் கேமராவில் எடுத்து வையுங்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேன், பின்னால் வாங்கிய சொட்டு மருந்து ஆகியவற்றின் பில்லையும் சேர்த்துக் கொடுக்கலாம். மேலே சொன்ன பாலிசியில் முன் 30 நாள், பின் 60 நாள் செலவு உண்டு.

ஓலைச்சுவடி

22,000மும் புரட்ட முடியாதவர்கள் என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பாட்டிக்காகவும் கேட்கிறேன்.

பவர்_செக் | ஆப்டோமெட்ரிஸ்ட்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இலவசம், லென்ஸும் சேர்த்து. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், ஊர் ஊராக முகாம் போட்டு, கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. 1992இல் அரவிந்தின் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் லென்ஸ் தயாரிப்பைத் தொடங்கிய பிறகுதான் லென்ஸ் என்பது ஏழைக்கும் எட்டியது.

முகாமில் சில சமயம் பேக்கோ இல்லாமல், 6 மி.மீ. அளவில் சுரங்கம் போல வெட்டி, தையல் இல்லாமல் செய்வார்கள். அதை மட்டமான முறை என்று நினைக்க வேண்டாம். முற்றி இறுகிய புரைக்கு அது பாதுகாப்பானது. சிலிண்டர் பவர் கொஞ்சம் கூடலாம், கண்ணாடியில் சரி செய்துகொள்ளலாம். பாட்டியைத் தயங்காமல் அனுப்புங்கள்.

மருந்துக்கடை_மூர்த்தி

சொட்டு மருந்து விஷயத்தில் நான் கவுன்டரில் தினமும் சொல்வதை இங்கேயும் எழுதுகிறேன். ஆன்டிபயாட்டிக் சொட்டு ஒன்றிரண்டு வாரம். ஸ்டீராய்டு சொட்டு ஒரு நாளைக்கு 6 தடவையில் தொடங்கி, வாரம் ஒன்றாகக் குறைத்து 4 முதல் 6 வாரம். பிரட்னிசோலோன் என்றால் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அடியில் தங்கிவிடும், குலுக்காமல் விட்டால் மேல்தண்ணீர்தான் கண்ணுக்குப் போகும். ஒரு சொட்டுக்கும் அடுத்த மருந்துக்கும் 5 நிமிடம் இடைவெளி. இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்து, அந்தக் குழியில் ஒரே ஒரு சொட்டு. முனை இமையில் படக் கூடாது. திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டாவது கண்ணுக்கு முதல் கண்ணின் மிச்சத்தை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

தியேட்டர்_சிஸ்டர்

ஸ்டீராய்டைத் தானா கூட்டவும் வேண்டாம், திடீர்னு நிறுத்தவும் வேண்டாம். சிலருக்கு அதுல கண்ணழுத்தம் ஏறும், அதுக்குத்தான் திரும்பக் கூப்பிட்டுப் பாக்கறது. ராத்திரி படுக்கும்போது பிளாஸ்டிக் மூடி கட்டணும், தூக்கத்துல கை போயிடும். அடுப்புப் புகை, ஒட்டடை அடிக்கிறது, குடம் தூக்குறது ரெண்டு வாரம் வேண்டாம். டிவி பாக்கலாம், நடக்கலாம்.

விழியோன் | கண் மருத்துவர்

எது சாதாரணம், எது ஆபத்து என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மணல் உறுத்துவது போன்ற உணர்வு, கண் கூச்சம், எல்லாம் கொஞ்சம் நீலமாகத் தெரிவது, ஓரத்தில் பிறை போல நிழல் ஆகியவை முதல் சில வாரங்களில் வரலாம், குறையும்.

முதல் நாளைவிட மூன்றாம் நாள் பார்வை மோசமாகிறது, வலி கூடுகிறது, கண் சிவந்துகொண்டே போகிறது என்றால் அது உள்ளே கிருமி புகுந்ததற்கான அடையாளம். அபூர்வம்தான். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே மோக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் செலுத்தத் தொடங்கிய பிறகு அரவிந்தில் இது 0.07 சதவீதத்திலிருந்து 0.02க்கு இறங்கியது. ஆனால் வந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்று பார்க்காமல் அன்றைக்கே போங்கள். "இரவில் யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்டு அந்த நம்பரை வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். மின்னல் வெட்டுவது போல ஒளி, புதிதாகக் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது ஆகியவையும் அன்றைக்கே காட்ட வேண்டியவை, அது விழித்திரை விலகலாக இருக்கலாம். நாலாவது, ஐந்தாவது வாரத்தில் நடுப்பார்வை மங்கினால் விழித்திரையில் நீர் கோத்திருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு இது கூடுதல். சொட்டு மருந்திலேயே பெரும்பாலும் வற்றும்.

கூத்தன்

சில வருடத்தில் "புரை திரும்ப வந்துவிட்டது" என்கிறார்களே?

கதிரொளி | கண் மருத்துவர்

புரை திரும்ப வராது. லென்ஸ் வைத்த பையின் பின்தோல் மங்குகிறது. யாக் லேசரில் நடுவே ஒரு ஜன்னல் திறந்துவிட்டால் சரியாகிவிடும். ஐந்து நிமிடம், வலி கிடையாது, ஒரு கண்ணுக்கு ஒரே தடவை. இங்கேதான் உண்மையாகவே லேசர்.

ஓலைச்சுவடி

எல்லாருக்கும் நன்றி. விழித்திரை ஸ்கேனுக்கு நாளை போகிறோம். கடைசியாக ஒன்று: இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்யலாமா? இடையில் பழைய கண்ணாடியை என்ன செய்வது?

பவர்_செக் | ஆப்டோமெட்ரிஸ்ட்

ஒரே நாளில் வேண்டாம். சில நாடுகளில் செய்கிறார்கள், ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் முதல் கண் ஆறுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு முதல் நாலு வாரம் கழித்து அடுத்தது. முதல் கண்ணில் பவர் எவ்வளவு பிசகியது என்று பார்த்து இரண்டாவது கண்ணின் லென்ஸைத் திருத்தவும் வாய்ப்புக் கிடைக்கும். இடையில் பழைய கண்ணாடியில் வலது பக்கக் கண்ணாடியை மட்டும் கடையில் கழற்றித் தரச் சொல்லுங்கள். பவர் 3க்கு மேல் என்றால் இரண்டு கண்ணும் வேறு வேறு அளவில் காட்டித் தலை சுற்றும். அப்போது அடுத்த கண்ணைச் சீக்கிரம் செய்யச் சொல்லுங்கள். புதுக் கண்ணாடிக்கு ஆறு வாரம் பொறுங்கள். அதற்கு முன் போட்டால் பவர் மாறி மறுபடி காசு செலவாகும்.

விழியோன் | கண் மருத்துவர்

ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள். விழித்திரையில் நீர் இருந்தால் முதலில் அதற்கு ஊசி போட வேண்டியிருக்கும், புரை கொஞ்சம் காத்திருக்கும். காலைச் சர்க்கரை அளவையும் ஒரு வாரம் குறித்து எடுத்துப் போங்கள்.